பணத்தாளில் ஒரு பத்திரிகையாளர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூர் சென்று உழைத்தோர், அந்நாட்டுப் பணத்தாளில் தொப்பியணிந்த பெரியவர் ஒருவரின் படத்தைக் கண்டிருப்பர். 1999 முதல் வெளிவரும் அத்தாள்களில் காணப்படுபவர், சிங்கப்பூர்க் குடியரசின் முதல் தலைவர் யூசுஃப் பின் இஸ்ஹாக்.

1910இல் பேராக்கில் பிறந்த அவர், பத்திரிகையாளராகவே முதலில் பெயர் பெற்றார். 1939இல் அவர் முன்னின்று தொடங்கிய 'உத்துசான் மெலாயு', ஜாவி எழுத்தில் வெளிவந்தது. தமிழை அரபு வரிவடிவில் எழுதிய நம் முன்னோரின் அரபுத் தமிழுக்கு இணையானது ஜாவி. சிங்கப்பூரில் 1876இல் தோன்றிய முதல் மலாய் இதழான 'ஜாவி பெரானாக்கான்' இந்திய முஸ்லிம் வழித்தோன்றல்கள் நடத்தியதே. பின்னர் வந்த இதழ்கள் பலவும் அரபு, இந்திய வழியினரின் கைகளில் இருந்தன. மலாய்க்காரருக்கு மலாய்க்காரரே நடத்தும் இதழ் வேண்டும் என்பது உத்துசானின் நோக்கம். மார்க்கத்தால் ஒன்றுபட்டும் நம்மவர் அங்கு அயலாராகக் கருதப்பட்டதை மறைப்பதற்கில்லை. எனினும், சொந்த மண்ணில் பின்தங்கிய ஒரு மக்களின் தன்மான வேட்கையை எவ்வாறு குறைகூறுவது?

கட்சித் தலையீட்டுக்கு இணங்காமல் 1959இல் அவர் இதழைவிட்டு விலகினார். அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் நாட்டுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1961இல் உத்துசான் அம்னோ கட்சியின் வசமாயிற்று. 1964இல் அவ்விதழ் சிங்கப்பூர் அரசுக்கு எதிராக மலாய்க்காரரின் சினத்தைக் கிளறி எழுதியது. ஜூலை 21 அன்று மீலாது ஊர்வலத்தில் இனக்கலவரம் மூண்டது. தாம் பெற்று வளர்த்த இதழ் எதிர்த்து நின்ற அரசின் தலைமைப் பீடத்தில், சீனர் பெரும்பான்மையான நாட்டில், அவர் அனைத்து இனத்தாருக்கும் பொதுவானவராக நின்றார். 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனிநாடானதும் குடியரசுத் தலைவரானார். 1970 நவம்பர் 23இல், பதவியிலிருக்கும்போதே வபாத்தாகி, கிராஞ்சியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.