மின்சுற்றுச் சுருக்கமும் பகுப்பாய்வும்

பல மின்தடைகளும் மின்கலங்களும் பின்னிக் கிடக்கும் ஒரு சுற்றை, அதன் இரு முனைகளில் தெரியும் நடத்தை மாறாமல் சிறிய சுற்றாக மாற்றுவது மின்சுற்றுச் சுருக்கம். சுற்றின் ஒவ்வொரு கிளையிலும் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது, எந்தப் புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று கணக்கிடுவது பகுப்பாய்வு. பள்ளியில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று தொடங்கும் இந்தப் பாடம் பிளஸ் டூவில் கிர்க்காஃப் விதிகளை எட்டுகிறது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் தெவெனின், நார்ட்டன் தேற்றங்களாக நீள்கிறது.

தோற்றம்

கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவைக் கணக்காக நிறுவினார். நூலுக்குச் சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841-இல்தான் கிடைத்தது.

ஓம் விதி ஒரு தடைக்குப் போதும், வலைப்பின்னலுக்குப் போதாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு மாணவர். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் நொய்மனிடம் படித்துக்கொண்டிருந்த குஸ்டாவ் கிர்க்காஃப், 1845-இல், தம் 21-ஆம் வயதில், இன்று அவர் பெயரால் வழங்கும் இரு விதிகளையும் எழுதினார். அந்தக் கட்டுரை வட்டத் தகட்டில் மின்னோட்டம் பரவுவதைப் பற்றியது. விதிகள் அதன் கடைசியில் பிற்சேர்க்கைபோல வந்தவை. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது முதல் விதி. மூடிய சுற்று ஒன்றை முழுக்க வலம் வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை சுழி என்பது இரண்டாவது. முன்னதற்கு அடிப்படை மின்னூட்டம் அழியாமை, பின்னதற்கு ஆற்றல் அழியாமை.

சந்திகளைக் காணுதல்

தொடக்க மாணவர் பலர் சறுக்குவது கணக்கில் இல்லை, படத்தில். இதில் நம் கலைச்சொல்லுக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் 'பக்க இணைப்பு' என்கிறது, இலங்கையில் 'சமாந்தரம்'. இரண்டுமே தடைகள் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரையப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஊட்டுகின்றன. உண்மையில் அந்த இணைப்புக்கும் படத்தின் வடிவத்துக்கும் தொடர்பே இல்லை. இரு தடைகளின் இரு முனைகளும் அதே இரண்டு சந்திகளில் சேர்ந்தால் அது பக்க இணைப்பு. ஒன்றில் ஓடும் மின்னோட்டம் முழுவதும், நடுவில் எங்கும் பிரியாமல், மற்றதிலும் ஓடியாக வேண்டும் என்றால் அது தொடரிணைப்பு.

இதைச் சோதிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அ, ஆ, இ, ஈ என்ற நான்கு புள்ளிகளை ஒரே கோட்டில் குறித்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 6 ஓம் தடை ஒவ்வொன்றாக மூன்று வைக்க வேண்டும். பிறகு அ-வையும் இ-யையும் ஒரு கம்பியால் இணைத்து, ஆ-வையும் ஈ-யையும் இன்னொரு கம்பியால் இணைக்க வேண்டும். அ-வுக்கும் ஈ-க்கும் இடையே தொகுபயன் மின்தடை என்ன? வரிசையைப் பார்த்தவுடன் கை 18 ஓம் என்று எழுதிவிடும். ஆனால் தடையில்லாக் கம்பியால் இணைந்த புள்ளிகள் எல்லாம் ஒரே சந்தி. ஆகவே அ-வும் இ-யும் ஒன்று. ஆ-வும் ஈ-யும் ஒன்று. மூன்று தடைகளும் அதே இரு சந்திகளுக்கு நடுவே நிற்கின்றன. விடை 2 ஓம்.

ஒரே சந்தியைச் சேர்ந்த கம்பிகளுக்கெல்லாம் ஒரே நிறம் தீட்டுவது இதற்கு நல்ல பழக்கம். நிறம் தீட்டி முடித்தபின், ஒவ்வொரு தடையும் எந்த நிறத்துக்கும் எந்த நிறத்துக்கும் நடுவில் இருக்கிறது என்று பார்த்துப் படத்தைப் புதிதாக வரையலாம். இரு முனையிலும் ஒரே நிறம் வரும் தடையில் மின்னோட்டமே இல்லை, அதை அழித்துவிடலாம்.

கம்பி இல்லாமலே சம மின்னழுத்தம் கொள்ளும் புள்ளிகளும் உண்டு. கனசதுரம் ஒன்றின் 12 விளிம்புகளிலும் 1 ஓம் தடை இருக்க, எதிரெதிர் மூலைகளுக்கு இடையே மின்தடை கேட்கும் கணக்கு இதற்கு எடுத்துக்காட்டு. உள்ளே வரும் மின்னோட்டம் சமச்சீரால் மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகிறது. முடிவில் மூன்று விளிம்புகளில் கூடுகிறது. 1/3, 1/6, 1/3 ஆகியவற்றைக் கூட்டினால் 5/6 ஓம்.

சுருங்க மறுக்கும் சுற்று

தொடரும் பக்கமும் மட்டும் கைவசம் இருந்தால், நான்கு தடைகள் நாற்கரமாக நிற்க நடுவில் ஒரு கிளை குறுக்கே ஓடும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றில் வந்து நின்றுவிடுவோம். 1833-இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி அமைத்ததை 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் பரப்பினார். கிறிஸ்டிக்கு உரிய பெருமையை அவரே எழுதியும் வைத்தார், பெயர் என்னவோ வீட்ஸ்டோனுக்கே நிலைத்துவிட்டது. பிளஸ் டூ ஆய்வகத்தின் மீட்டர் சமனச்சுற்று இதன் எளிய வடிவம். சமநிலையில் நடுக்கிளையின் கால்வனோமீட்டர் சுழி காட்டும். அப்போது அந்தக் கிளையை எடுத்துவிட்டுச் சுருக்கலாம். சமநிலை இல்லாதபோது எந்த இரு தடைகளும் தொடரிலும் இல்லை, பக்கத்திலும் இல்லை.

அங்கே உதவுவது 1899-இல் ஆர்தர் கென்னலி வெளியிட்ட முக்கோண–விண்மீன் மாற்றம். பட்டறையில் இதன் பெயர் 'ஸ்டார்-டெல்டா'. பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்கும் பழகிய சொல்தான். ஆனால் ஸ்டார்ட்டரில் அது மோட்டார் சுருள்களின் இணைப்பை மாற்றுவது, இங்கே கணக்கில் மட்டும் நடப்பது. முக்கோணத்தின் ஒரு மூலையில் சேரும் இரு தடைகளையும் பெருக்கி, மூன்று தடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த மூலைக்குரிய விண்மீன் கை கிடைக்கும்.

அ–ஆ 10, அ–இ 20, ஆ–இ 20, ஆ–ஈ 8, இ–ஈ 4 ஓம் என்று கொள்வோம். அ, ஆ, இ முக்கோணத்தின் கூட்டுத்தொகை 50. விண்மீன் கைகள் அ பக்கம் 4, ஆ பக்கம் 4, இ பக்கம் 8. இப்போது ஈ-யை நோக்கி 4+8, 8+4 என்று இரண்டு 12 ஓம் கிளைகள் பக்க இணைப்பில் நிற்கின்றன. அவை 6 ஓம். அ பக்கக் கையின் 4 ஓமைச் சேர்த்தால் அ-வுக்கும் ஈ-க்கும் இடையே மொத்தம் 10 ஓம்.

தெவெனின் தேற்றம்

டார்ச் லைட்டின் பழைய பேட்டரியை மீட்டரில் வைத்தால் 1.4 வோல்ட் காட்டும். பல்பில் போட்டால் மங்கலாக எரியும். உள்ளிருக்கும் அகமின்தடை, மின்னோட்டம் ஓடும்போதுதான் தன் பங்கைத் தின்கிறது. மின்கலங்களும் தடைகளும் எத்தனை இருந்தாலும், இரு முனைகளிலிருந்து பார்த்தால் எந்த நேரியல் சுற்றும் இந்தப் பழைய பேட்டரியைப் போன்றதுதான், அதாவது ஒரு மின்னழுத்த மூலமும் அதனுடன் தொடரில் ஒரு தடையும் என்கிறது தெவெனின் தேற்றம். பிரெஞ்சு தந்திப் பொறியாளர் லியோன் ஷார்ல் தெவெனின் இதை 1883-இல் எழுதினார். தசை மின்சாரத்தை ஆராய்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே கண்டிருந்தார்.

12 வோல்ட் மூலத்துடன் 6 ஓமும் 3 ஓமும் தொடரில் இருக்க, 3 ஓமின் முனைகளிலிருந்து பார்ப்போம். சுமை இல்லாதபோது அங்கே 4 வோல்ட். மூலத்தை எடுத்து அந்த இடத்தில் வெறும் கம்பி வைத்தால் 6-உம் 3-உம் பக்க இணைப்பில் 2 ஓம். இனி எந்தச் சுமையை மாட்டினாலும் பெரிய சுற்றைத் தொட வேண்டாம்: 2 ஓம் சுமையில் 1 ஆம்பியர், 6 ஓமில் 0.5 ஆம்பியர். மூலங்களை அணைக்கும் இந்த வேலையில் ஒரு பொறி உண்டு. சுற்றின் வேறோர் இடத்து மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ சார்ந்து இயங்கும் மூலங்களை, டிரான்சிஸ்டர் மாதிரியில் வருபவைபோல, அணைக்கக் கூடாது.

மூலங்களை ஒவ்வொன்றாக இயக்கி விளைவுகளைக் கூட்டும் மேற்பொருத்தல் தேற்றத்திலும் ஒரு தவறு வழக்கம். தனித்தனி மூலங்களால் வரும் மின்னோட்டங்களைக் கூட்டலாம், திறனைக் கூட்டக் கூடாது. 1 ஓம் தடையில் ஒரு மூலம் 2 ஆம்பியரும் இன்னொன்று அதே திசையில் 1 ஆம்பியரும் தந்தால் திறன் 4+1 அல்ல. 3 ஆம்பியருக்கு 9 வாட்.

சமன்பாட்டு முறையும் கணினியும்

சுருக்க வழி தெரியாத இடத்தில் கிர்க்காஃப் விதிகளை நேரடியாக எழுதலாம். சந்திகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால், தேவையான சந்திச் சமன்பாடுகளின் எண்ணிக்கை கிடைக்கும். மின்னோட்டத் திசையை நம் விருப்பப்படி குறிக்கலாம். விடை எதிர்க்குறியில் வந்தால் திசை மறுபக்கம் என்று பொருள், கணக்கு தவறு என்று அல்ல. பாதிக் கணக்கில் திசையை மாற்றுவதுதான் தவறு. மாறுதிசை மின்னோட்டத்துக்கும் இதே விதிகள் பொருந்தும். 1893-இல் ஸ்டைன்மெட்ஸ் பரப்பிய கலப்பெண் முறையில், தொடரில் உள்ள 3 ஓம் தடையும் 4 ஓம் மின்தூண்டல் மறுப்பும் சேர்ந்து 7 அல்ல, 5 ஓம் ஆகும்.

1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் நிரல் சந்திச் சமன்பாட்டு வழியில் வந்தது. அதற்குப் படம் தேவையில்லை. ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரியில் அதன் பெயர், அது நிற்கும் இரு சந்திகள், மதிப்பு ஆகியவற்றை எழுதினால் போதும். மேலே சொன்ன மூன்று 6 ஓம் தடைகளை அதற்கு எழுதிக் கொடுத்தால், மூன்று வரிகளிலும் அதே இரண்டு சந்திகள்தான் வரும். குறுக்குக் கம்பிகளுக்கு வரியே இருக்காது.