தப்பான கிருமி, சரியான விடை

கொல்லிமலைக்கு பைக்ல போறவங்க 70 கொண்டை ஊசி வளைவை எண்ணுவீங்க. மேலே போய் புதர்ல உட்காரும்போது இந்தக் கதையையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஸ்க்ரப் டைபஸ், நம்ம செய்திகள்ல உண்ணிக் காய்ச்சல். புதர்ல வாழும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியோட லார்வா கடிச்சா வரும். வலிக்காத ஒரு கறுப்புப் பொருக்கு, காய்ச்சல், தலைவலி. விட்டுட்டா மூளை வரைக்கும் போகும். இதுக்குக் காரணமான பாக்டீரியா உயிருள்ள செல்லுக்குள்ள மட்டும்தான் வளரும். சாதாரண லேப் தட்டுல வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால கிருமியை விட்டுட்டு, அதை எதிர்க்க உடம்பு தயாரிச்ச ஆன்டிபாடியைத் தேடுறாங்க.

அந்தத் தேடல் ஒரு தற்செயல்ல ஆரம்பிச்சது. முதல் உலகப்போர் காலம், 1916. எட்மண்ட் வெய்ல், ஆர்தர் ஃபெலிக்ஸ் இருவரும் டைபஸ் நோயாளியின் சிறுநீர்ல புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டாங்க. டைபஸுக்கு அது காரணமே இல்லை. ஆனா டைபஸ் நோயாளிகளின் ரத்தநீரைச் சேர்த்தா அது கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு. இரண்டு கிருமிக்கும் மேற்பரப்புல ஒரு ஒற்றுமை. ஆன்டிபாடி ஆள்மாறாட்டத்துல ஏமாந்துபோச்சு!

அடுத்த திருப்பம் 1920-களில், தமிழர்கள் தோட்டங்களில் உழைத்த மலாயாவில். கோலாலம்பூர்ல ஃப்ளெட்சர், லெஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். நகரத்து டைபஸ் ரத்தநீர் புரோட்டியஸின் ஒரு வகையோட ஒட்டுது. புதர்க்காட்டு டைபஸ், கிங்ஸ்பரி கொண்டுவந்த 'கே' வகையோட மட்டும் ஒட்டுது. ஒரே நோய்னு நினைச்சது இரண்டு நோய்!

இது பழங்கதை இல்லை. கோரக்பூர்ல வருஷாவருஷம் மழைக்காலத்துல குழந்தைகள் மூளைக்காய்ச்சலால் இறந்தாங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்தான் காரணம்னு ரொம்ப நாள் நம்பினாங்க. தடுப்பூசி வந்த பிறகும் மரணம் நிற்கலை. சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வுகள்ல, 2015-16 வாக்கில், ஐ.ஜி.எம். எலைசா சோதனையில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைபஸ் ஆன்டிபாடி இருந்தது. வைரஸுக்கு மருந்து கிடையாது. இதுக்கு இருக்கு: டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின். இரண்டும் விலை குறைந்த பழைய மருந்துகள்.

ஒரு சிக்கல். ஆன்டிபாடி உருவாக ஒரு வாரம் வரைக்கும் ஆகலாம். முதல் நாள்கள்ல 'நெகட்டிவ்'னு வந்தா, நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. அதனால சந்தேகம் வலுவா இருந்தா, டாக்டர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம மருந்தை ஆரம்பிச்சுடுவாங்க. மலைக்குப் போயிட்டு வந்து காய்ச்சல்னா, எங்க போனீங்கன்னு டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க.