பாலிஷர் வாங்கப் போய் பெயின்ட் வரலாறு படிச்ச கதை

போன வருஷம், அப்பாவோட காரை நானே பாலிஷ் பண்றேன் பேர்வழின்னு கிளம்பினேன். கருநீலம், ஒன்பது வயசு. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். கடையில் போய் "பாலிஷிங் மெஷின் இருக்கா?"ன்னு கேட்டேன். எடுத்துக் கொடுத்தது அச்சு அசல் ஆங்கிள் கிரைண்டர் மாதிரியே இருந்தது. கல்லுக்குப் பதிலா முன்னாடி ஒரு கம்பளி பேடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பானட்டின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி வந்தது. ஆஹா, நமக்குள்ள இப்படி ஒரு திறமையான்னு பூரிச்சுப் போய் ஓரத்துக்கு வந்தேன். அஞ்சு செகண்ட் கூட இருக்காது. விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு நீலம் காணாமல் போய், சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அது பிரைமர்.

அப்பா ஒண்ணும் சொல்லலை. விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் கூட பரவாயில்லை.

பெயின்டுக்கு பளபளப்பு கொடுக்கிற மெஷினும் இரும்பை அறுக்கிற மெஷினும் ஏன் ஒரே மாதிரி இருக்கு? இந்தக் கேள்வி குடைஞ்சுக்கிட்டே இருந்தது. தேடித் தேடிப் படிச்சதில் ஒண்ணு புரிஞ்சது. பாலிஷ் மெஷினின் வரலாறுன்னு தனியா எதுவும் இல்லை. காருக்கு என்ன பெயின்ட் அடிச்சாங்களோ, அதுக்குப் பின்னாலேயே மெஷினும் ஓடி வந்திருக்கு. அது தெரிஞ்சுட்டா எதை வாங்கணும்ங்கிற குழப்பமே பாதி தீர்ந்துடும். வாங்க, நூறு வருஷம் பின்னாடி போவோம்.

பெயின்ட் காயக் காத்திருந்த காலம்

முதல் கார்களுக்கு அடிச்சது குதிரை வண்டிக்கு அடிச்ச அதே பெயின்ட்தான். ஆளி விதை எண்ணெய், நிறப்பொடி, மேலே வார்னிஷ். தூரிகையால் ஒரு கோட் அடிச்சு, காய விட்டு, நுரைக்கல் பொடியால் தேய்ச்சு, திரும்ப அடுத்த கோட். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். பளபளப்பு வார்னிஷிலேயே வந்துடும், தேய்ப்பதெல்லாம் மனுஷன் கைதான்.

1913-ல் ஹென்றி ஃபோர்டு ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டு வந்தார். அடுத்த வருஷத்துக்குள் ஒரு மாடல் டி சேஸிஸைக் கோர்க்க 93 நிமிஷம் போதும்னு ஆயிடுச்சு. கார் ஒன்றரை மணி நேரத்தில் ரெடி, பெயின்ட் காய வாரக்கணக்கு! ஃபோர்டு 1914-லிருந்து 1925 வரை மாடல் டியைக் கருப்பில் மட்டுமே கொடுத்ததன் பின்னணி இதுதான். தார் கலந்த கருப்பு எனாமல் விலை மலிவு, நல்ல உழைப்பு, அடுப்பில் வச்சுச் சுட்டால் சீக்கிரம் இறுகும். இத்தனைக்கும் 1908-ல் வந்த முதல் மாடல் டிக்கள் சிவப்பு, பச்சை, சாம்பல்னு கலர் கலராத்தான் இருந்தன.

வெடிமருந்திலிருந்து வந்த பளபளப்பு

முதல் உலகப் போர் முடிஞ்சப்போ அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியிடம் வெடிமருந்து தயாரிக்கும் வசதி மலை மாதிரி கிடந்தது. வெடிமருந்தின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியை அமிலத்தில் போட்டுச் செய்யறது. அதைக் கரைச்சால் லாக்கர் ஆகும்னு முன்னாடியே தெரியும். ஆனால் கூழ் மாதிரி கெட்டியா இருக்கும். ஸ்ப்ரே பண்ற அளவுக்கு நீர்க்க வச்சால் அதில் பெயின்ட்னு சொல்ல ஒண்ணுமே மிஞ்சாது. 1920-ல் டூபாண்ட் ஆட்கள் கெட்டித்தன்மை குறைஞ்ச நைட்ரோசெல்லுலோஸைக் கண்டுபிடிச்சாங்க. ஸ்ப்ரே கன்னில் அடிக்கலாம், நிறமும் நிறைய ஏற்றலாம், வாரக்கணக்கு போய் மணிக்கணக்கில் காயும்.

அந்த நேரத்தில் டூபாண்டுக்கு ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பங்கு இருந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வாங்க. "பெயின்ட் இதுக்கு மேல சீக்கிரம் காயாது"ன்னு அடம்பிடிச்ச ஒருத்தரை மதிய சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாராம். திரும்பி வந்தவர் தன் காரைக் காணோம்னு தேடினாராம். கார் அங்கேயேதான் இருந்தது, வேற கலரில் :-)

1923-ல் அறிமுகமாகி, 1924 மாடலா வந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் இந்தப் புது லாக்கரில் நீல நிறத்தில் இறங்கியது. லாக்கரின் பெயர் டூகோ.

எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? நம்ம ஊர் தச்சு வேலைக்காரரிடம் கேட்டுப் பாருங்க, "கதவுக்கு டூகோ அடிச்சுடலாம் சார்"ன்னு இன்னைக்கும் சொல்வார். ஓக்லண்ட் கார் 1931-லேயே போய்ச் சேர்ந்துடுச்சு. அந்தப் பேர் மட்டும் நம்ம ஊர் அலமாரிக் கதவில் உட்கார்ந்திருக்கு.

இப்ப முக்கியமான விஷயம். டூகோ சீக்கிரம் காயும், ஆனால் மங்கலாகக் காயும். பளபளப்பு தானா வராது, தேய்ச்சுத்தான் எடுக்கணும். பல கோட் அடிச்சு, உப்புத்தாளால் சமன் செய்து, கம்பவுண்ட் போட்டுத் தேய்க்கணும். காயறதில் மிச்சமான நேரத்தைத் தேய்க்கிறதில் செலவழிச்சாங்கன்னு வச்சுக்கோங்க. கை வலிக்கும்தானே? அங்கேதான் மெஷின் உள்ளே வருது.

கிரைண்டரின் தம்பி

கையில் பிடிக்கிற மின்சார டிரில் 1895-லேயே ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி செய்துட்டாங்க. துப்பாக்கிப் பிடி வச்ச டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை வாங்கினாங்க. அதே ஷ்டுட்கார்ட் பக்கம் 1922-ல் இன்னொரு கம்பெனி தொடங்கியது. வளையும் தண்டு வழியாகச் சுழற்சியைக் கடத்தும் கிரைண்டர் அவங்க சரக்கு. அந்த வளையும் தண்டே பிறகு கம்பெனிக்குப் பெயரானது: ஃபிளெக்ஸ். 1954-ல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரும் அவங்களிடமிருந்து வந்தது. ஜெர்மனியில் இன்னைக்கும் ஆங்கிள் கிரைண்டருக்கு வாய்வழிப் பேரே ஃபிளெக்ஸ்தான்.

மோட்டார், தொண்ணூறு டிகிரி திருப்பும் பல்சக்கரம், முன்னாடி வட்டத் தட்டு. இரும்புக்கு வேணும்னா கல்லை மாட்டு, பெயின்டுக்கு வேணும்னா வேகத்தைக் குறைச்சு ஆட்டுக் கம்பளியை மாட்டு. ரோட்டரி பாலிஷர் பிறந்த கதை இவ்வளவுதான். அந்தக் காலத்துப் பெயின்டுக்கு இது சரியான ஆயுதமும் கூட. நிறம் மேலிருந்து கீழ் வரை ஒரே படலமா இருக்கும். சிவப்புக் காரைத் தேய்ச்சால் துணியில் சிவப்பு ஒட்டும், அடியிலும் சிவப்பே இருக்கும்.

இடையில் 1930-களில் தானாகவே பளபளப்பா காயும் எனாமல் வந்தது. ஃபோர்டு, கிரைஸ்லர் அந்தப் பக்கம் போக, ஜெனரல் மோட்டார்ஸ் லாக்கரை விடலை. 1950-களின் இறுதியில் அக்ரிலிக் லாக்கருக்கு மாறினாங்க. ஆனால் எல்லாமே ஒரே படலம்தான். ரோட்டரிக்கு வேலை இருந்துகிட்டே இருந்தது.

ஒரு கண்ணாடிப் படலம் எல்லாத்தையும் மாத்திடுச்சு

1970-ல் அமெரிக்காவில் காற்று மாசுச் சட்டம் கடுமையானது. தின்னர் ஆவியாகிக் காற்றில் கலக்கிற லாக்கருக்கு நாள் எண்ணப்பட்டது. அதோடு மெட்டாலிக் நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுத்தன. ரெண்டுக்கும் சேர்த்து வந்த தீர்வு, நிறத்தை மெல்லிசா அடிச்சு, அதுக்கு மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் அடிக்கிறது. 1980-களில் இது கார் உலகம் முழுக்கப் பரவியது. இன்னைக்கு நம்ம தெருவில் நிற்கிற கார்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

கிளியர் கோட் எவ்வளவு தடிமன் தெரியுமா? சுமார் 40 மைக்ரான். உங்க தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான். (எனக்கு இன்னும் கொஞ்சம் முடி இருக்கு, அளக்கலாம்.) மொத்தப் பெயின்டையும் சேர்த்தால் கூட 100-லிருந்து 150 மைக்ரான்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சரக்கெல்லாம் அந்த மேல் படலத்தில்தான் இருக்கு. பாலிஷ்ங்கிறது அழுக்கை எடுக்கிறது இல்லை, அந்தப் படலத்தையே கொஞ்சம் சீவி, கீறலின் ஆழம் வரை மட்டத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் சேமிப்பிலிருந்து எடுக்கிற பணம். திரும்பப் போடவே முடியாத கணக்கு.

இப்ப ரோட்டரியை யோசிங்க. 150 மில்லிமீட்டர் பேடு, நிமிஷத்துக்கு 2000 சுற்று. பேடின் ஓரம் பெயின்ட் மேல மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் உரசுது. நின்ன இடத்திலேயே உரசினால் சூடு ஏறும். பேனல் விளிம்பில் பெயின்ட் இயல்பாகவே மெலிசு. ஈரமா இருக்கும்போதே முனையை விட்டு விலகி உள்ளே இழுத்துக்கும். மெலிசான இடத்தில் சூட்டையும் அழுத்தத்தையும் நான் ஒண்ணா வச்சேன். மிச்சத்தை அப்பா விரல் தடவிப் பார்த்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே திசையில் சுத்துறதால் மெல்லிய கோடுகள் விழும். வெயிலில் ஹோலோகிராம் மாதிரி தெரியும். ஒரே படலக் காலத்தில் அதை யாரும் பெரிசா கண்டுக்கலை. கண்ணாடி மாதிரி கிளியர் கோட்டில், அதுவும் கருப்புக் காரில், காட்டிக் கொடுத்துடும்.

சுத்தாமல் ஆடும் மெஷின்

விடை டிங்கரிங் ஷெட்டிலேயே இருந்தது. பட்டி தேய்க்க அங்கே காற்றில் ஓடும் ஒரு சாண்டர் உண்டு, டூயல் ஆக்‌ஷன், சுருக்கமா டிஏ. தட்டு நடு அச்சில் இல்லாமல் சற்றே தள்ளி மாட்டியிருக்கும். பூமி மாதிரி தன்னையும் சுத்திக்கும், இன்னொரு மையத்தையும் சுத்தி வரும். அதனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பக் கீறாது. முக்கியமா, தட்டு பேரிங்கில் சும்மா தொங்குது. அதிகமா அழுத்தினால் சுத்துறதை நிறுத்திட்டு ஆட மட்டும் செய்யும். நாம தப்பு பண்ணினால் மெஷின் அடங்கிடும். ரோட்டரியிடம் இந்தப் பெருந்தன்மை கிடையாது.

இதே தத்துவத்தில் மின்சார பாலிஷர்கள் வந்தன. அமெரிக்காவில் வீட்டு ஆர்வலர்கள் கொண்டாடினது போர்ட்டர் கேபிள் 7424. சுமார் 8 மில்லிமீட்டர் வீச்சு, பாதுகாப்பு, ஆனால் ஆழமான கீறலுக்கு ஆமை வேகம். ஜெர்மனியின் ஃபெஸ்டோ 1982-ல் ரோடெக்ஸ் சாண்டரில் பல்சக்கரம் வச்சு, ஆட்டத்தோடு சுழற்சியையும் கட்டாயமாக்கினாங்க. ஃபிளெக்ஸ் கம்பெனியின் எக்ஸ்சி 3401 பாலிஷரும் அதே வழிதான். அழுத்தினாலும் நிற்காது, அதனால் வேலை வேகம், கவனமும் கூடுதலா வேணும். 1947-ல் தொடங்கிய இத்தாலியின் ரூபெஸ், 2010-களின் தொடக்கத்தில் பிக்ஃபுட் வரிசையில் வேற வழி பிடிச்சாங்க. பல்சக்கரம் வேண்டாம், வீச்சையே 15, 21 மில்லிமீட்டர்னு பெரிசாக்கிட்டாங்க. பாதுகாப்பும் வேகமும் ஒண்ணா வந்தது. ஒரே குறை, வளைவான இடத்தில் பேடு சுத்தாமல் நின்னுடும்.

அப்ப எதை வாங்கறது?

மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பெயின்டைப் பாருங்க. வெளியில் தெரியாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வச்சுத் தேய்ங்க. துணியில் நிறம் வந்தால் பழைய ஒரே படலம், வராவிட்டால் கிளியர் கோட்.

கிளியர் கோட், முதல் தடவை, நம்ம ஊர் வளைவு நெளிவான ஹேட்ச்பேக்னா, 8 அல்லது 15 மில்லிமீட்டர் வீச்சு டிஏ, 125 மில்லிமீட்டர் தட்டு போதும். 21 மில்லிமீட்டர் பெரிய தட்டையான பானட்டுக்கும் கூரைக்கும்தான் சுகம். பல்சக்கர வகை, கை பழகின பிறகு. ரோட்டரி மோசமான மெஷின் இல்லை. புதுசா தடிமனா அடிச்ச பெயின்டை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்கிற பெயின்டர் கையில் இன்னைக்கும் அதுதான் ராஜா. அது பிறந்த வேலையே அதுதானே.

எந்த மெஷினா இருந்தாலும் விளிம்புக்கு டேப் ஒட்டுங்க. மெலிசான கம்பவுண்டில் ஆரம்பிங்க. முடிஞ்சால் பெயின்ட் தடிமன் மீட்டர் வச்சு அளங்க. அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் எவ்வளவுன்னு தனியா சொல்லாது. எல்லாக் கீறலையும் எடுத்தே தீரணும்னு கங்கணம் கட்டாதீங்க. 40 மைக்ரானில் ரெண்டு மூணு போனால் பரவாயில்லை, பத்து போனால் கவலைப்படணும்.

நான் 15 மில்லிமீட்டர் டிஏ வாங்கினேன். மிச்ச பேனல் எல்லாம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிஞ்சது. அந்த விரல் நீளத்துக்கு டச்-அப் பெயின்ட் வச்சிருக்கேன், உத்துப் பார்த்தால் தெரியும். அப்பா கார் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் ரொம்ப மெதுவா துடைக்கிறார். அதைத்தான் பார்க்க முடியலை.

டிஸ்கி: வீட்டில் பழைய அம்பாசடர், பத்மினி வச்சிருந்தவங்க யாராவது இருந்தால், அந்தக் காலத்தில் பெயின்டர் எதை வச்சுத் தேய்ச்சார்னு சொல்லுங்க மக்களே.