திரைக்கு வந்த தறி அட்டை

1986இல் 'புன்னகை மன்னன்' வந்தபோது, 'கம்ப்யூட்டர் இசை' என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். இசை இளையராஜா. கீபோர்டு, சீக்வென்சர் வேலையில் உடனிருந்தவர், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆன திலீப். கம்ப்யூட்டரே இசையமைக்கிறது என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அது பார்த்தது குமாஸ்தா வேலை. குறித்துக்கொள்வது, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்புக்குப் பெயர் மிடி. 1983இல் வந்தது. அதில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொடப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற தகவல் மட்டுமே, 0 முதல் 127 வரையான எண்களாக.

ஆரம்பத்தில் ஒரு சுரத்தைத் திருத்த வேண்டுமானால் நீண்ட பட்டியலில் அதன் எண்ணைத் தேடி மாற்ற வேண்டும். 1985இல் மிடி இணைப்போடு அடாரி எஸ்.டி. கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக 1989இல் வெளியான கியூபேஸ், பாட்டையே பட்டைகளாகத் திரையில் விரித்துக் காட்டியது. ஒவ்வொரு சுரமும் ஒரு சிறு கோடு. மேலே இழுத்தால் சுருதி கூடும், பக்கவாட்டில் நகர்த்தினால் காலம் மாறும்.

தாராபுரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தத் திரையைப் பார்த்ததும் எனக்குக் கைத்தறியின் ஜக்கார்டு அட்டைதான் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு அவர் லியோன் நகரத்து 'ழக்கார்'. அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. தானே வாசிக்கும் பியானோவின் துளைச் சுருளும் அதே வழிதான். திரைக்கு 'பியானோ ரோல்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ஆனால் நம் சங்கீதம் துளைக்குள் அடங்காது. கமகம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது. மிடியில் சுருதியை வளைக்க வழி இருந்தது. ஆனால் ஒரு சுரத்தை வளைத்தால் அதே சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளைந்தன. அதனால் தாளமும் பின்னணியும் மெஷினுக்குப் போனபோதும், புல்லாங்குழலுக்கும் வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் வாசிப்பவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் பிழைப்பைக் காப்பாற்றியதில் கமகத்துக்கும் பங்குண்டு என்பேன்.

2011இல் கியூபேஸ் 6 வந்தபோதுதான் ஒற்றைச் சுரத்தின் மேல் தனியாக வளைவு வரைய முடிந்தது. 2018இல் அதற்கென்று மிடியிலேயே பொது விதி சேர்ந்தது. 2020இல் மிடி 2.0 வந்து எண்களை இன்னும் நுணுக்கமாக்கியது.

நம் கோயில் நாதஸ்வரக்காரர் மூச்சிலும் விரலிலும் செய்கிற வேலை. அதைக் குறித்துக்கொள்ளவே குமாஸ்தாவுக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது.