ஒரு குண்டு கடந்து வந்த கைகள்

அது .44 மேக்னம் ரகத் தோட்டா. காசு கொடுத்தால் கிடைக்கிற அசல் சரக்கு. பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பிரைமர் என்ற சின்ன மூடி, உள்ளே வெடிமருந்து, உச்சியில் குண்டு. விசையை இழுத்தால் சுத்தியல் பிரைமரைத் தட்டும், பிரைமர் நெருப்பைக் கக்கும், மருந்து பற்றும், அதில் பிறக்கும் வாயு குண்டைக் குழலுக்கு வெளியே தள்ளும். 1993இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் வில்மிங்டன் நகரில் ‘தி க்ரோ’ என்ற படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் கைக்கு இந்த ரகத் தோட்டாக்கள் போய்ச் சேர்ந்தன. படத்தின் நாயகன் பிராண்டன் லீ, புரூஸ் லீயின் மகன். அப்போது அவருக்கு வயது 28.

சினிமாவுக்கு எதற்கு அசல் தோட்டா என்று கேட்கத் தோன்றும். ரிவால்வரை நேர் எதிரே வைத்து நெருக்கத்தில் படம்பிடித்தால் உருளையின் அறைகள் தெரியும். அறைகள் காலியாக இருந்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்காகவே போலித் தோட்டா என்று ஒன்று உண்டு. குண்டு இருக்கும், மருந்தும் இருக்காது, உயிருள்ள பிரைமரும் இருக்காது. இதற்கு நேர்மாறானது வெற்றுத் தோட்டா. அதில் மருந்தும் பிரைமரும் இருக்கும், குண்டு மட்டும் இருக்காது. சத்தமும் புகையும் நெருப்பும் வேண்டிய காட்சிக்கு அது. முறையாகச் செய்து விற்கும் போலித் தோட்டாக்களில் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள், அல்லது உள்ளே ஒரு சிறு இரும்புமணியைப் போட்டு வைத்திருப்பார்கள். காதருகே வைத்து ஆட்டினால் அது கலகலக்கும். கண்ணாலும் காதாலும் சரிபார்க்க வழி வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள்.

வில்மிங்டனில் அப்படிச் செய்த தோட்டா கைவசம் இல்லை. வேலை அவசரம். அசல் தோட்டாவின் தலையிலிருந்த குண்டைப் பிடுங்கினார்கள், மருந்தைக் கொட்டினார்கள், குண்டைத் திரும்பச் செருகினார்கள். பிரைமரை அப்படியே விட்டுவிட்டார்கள். மருந்து போனதோடு ஆபத்தும் போயிற்று என்று நினைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனால் இந்த ஒரு கருவியைப் பற்றி அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிரைமர் தனியாக வெடித்தாலும் குண்டை நகர்த்தும். குழலுக்கு வெளியே தள்ளும் பலம் அதற்கு இல்லை, உள்ளே சில அங்குலம் தள்ளும் பலம் உண்டு.

நடந்தது அதுதான். நெருக்கக் காட்சிக்காகப் போலித் தோட்டா போட்ட அந்த ரிவால்வரின் விசையை ஏதோ ஒரு சமயத்தில் யாரோ இழுத்துவிட்டார்கள். சத்தம் பெரிதாக எழுந்திருக்காது. கூட்டை விட்டுக் கிளம்பிய குண்டு குழலுக்குள் சிக்கி நின்றது. பிறகு தோட்டாக்களை எடுத்து வைத்தவர் அவற்றை எண்ணிப் பார்த்திருந்தால், அல்லது ஒவ்வொன்றின் தலையையும் தடவிப் பார்த்திருந்தால், ஒரு கூட்டின் மேல் குண்டு இல்லாதது தெரிந்திருக்கும். குழலுக்குள் ஒரு குச்சியை விட்டிருந்தால் அது பாதியில் நின்றிருக்கும். இதற்கெல்லாம் அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை யாரும் செலவிடவில்லை. ரிவால்வர் பெட்டிக்குள் போயிற்று, குழலில் குண்டோடு.

அடுத்து அதற்குக் கிடைத்த வேலை, நாயகன் சுடப்படும் காட்சி. மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். ஆயுத நிபுணரை அன்று முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். இந்தக் காட்சிக்கு நெருப்பும் சத்தமும் வேண்டும் என்பதால் உருளையில் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டார்கள். குழலை யாரும் பார்க்கவில்லை. பிராண்டன் லீ மளிகைப் பையோடு அறைக்குள் வருகிறார். எதிரே சில அடி தூரத்தில் நின்ற நடிகர் மைக்கேல் மாசி, இயக்குநர் சொன்னபடி, ஒத்திகை பார்த்தபடி சுட்டார். வெற்றுத் தோட்டாவின் முழு மருந்தும் பின்னாலிருந்து நெருப்பாகப் பாய்ந்து, வழியில் கிடந்த குண்டைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு பாதித் தோட்டாக்கள் சேர்ந்து அந்தக் குழலுக்குள் ஒரு முழுத் தோட்டா ஆகிவிட்டன.

லீ விழுந்தார். விழவேண்டிய காட்சிதான் என்பதால் நடிக்கிறார் என்றே சுற்றி நின்றவர்கள் முதலில் நினைத்தார்கள். குண்டு வயிற்றில் பாய்ந்து முதுகெலும்புப் பக்கம் தங்கியிருந்தது. மருத்துவர்கள் மணிக்கணக்கில் அறுவைச் சிகிச்சை செய்தும் மறுநாள் பிற்பகல் அவர் உயிர் பிரிந்தது. ஏப்ரலில் அவருக்குத் திருமணம் நடப்பதாக இருந்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் இதை அலட்சியம் என்று முடிவுசெய்தார், குற்றவழக்கு போடவில்லை. தொழிலகப் பாதுகாப்புத் துறை தயாரிப்பு நிறுவனத்துக்கு 84,000 டாலர் அபராதம் விதித்தது. அது பிறகு 55,000 ஆகக் குறைந்தது. மாசி ஓராண்டு நடிப்பை விட்டு விலகியிருந்தார். சொன்னதைச் செய்த அந்த மனிதர் பல ஆண்டுகள் கழிந்தும் அந்தப் படத்தைப் பார்க்க மனம் வராமல் இருந்ததை நினைத்தால் எனக்கு அவருக்காகவும் நெஞ்சு கனக்கிறது. தவறாகப் பாய்ந்த குண்டு அதைச் சுட்டவரையும் சும்மா விடுவதில்லை.

வெற்றுத் தோட்டா விளையாட்டுப் பொருள் அல்ல என்பது அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அந்தத் துறைக்குத் தெரியும். 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற 26 வயது நடிகர், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படப்பிடிப்பில், வெற்றுத் தோட்டாதானே என்று ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார். குண்டே இல்லாமல், வெடித்துப் பாய்ந்த வேகமே அவர் மண்டையோட்டை உடைத்தது. ஆறு நாளில் இறந்துபோனார்.

வில்மிங்டனுக்குப் பிறகு விதிகள் கடுமையாயின. படப்பிடிப்புத் தளத்துக்குள் அசல் தோட்டாவே வரக்கூடாது, துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் திறந்து காட்டவேண்டும், குழலைப் பார்க்கவேண்டும் என்று தொழிற்சங்கங்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து எழுதிவைத்தார்கள். எழுதிய காகிதம் இருந்தது. 28 ஆண்டுகள் கழித்து இன்னொரு குண்டு அதே வழியில் நடந்து வந்தது.

2021 அக்டோபர் 21, நியூ மெக்ஸிகோ மாநிலம், சாண்டா ஃபே அருகே பொனான்சா க்ரீக் பண்ணை. ‘ரஸ்ட்’ படத்தின் தேவாலயக் காட்சிக்கு ஒத்திகை. இத்தாலியில் செய்த பழைய பாணி .45 கோல்ட் ரிவால்வர் அது. துணை இயக்குநர் அதை வாங்கி, ஆபத்தில்லாத துப்பாக்கி என்று எல்லோருக்கும் கேட்கக் குரல் கொடுத்து அறிவித்தார். உருளையில் இருந்த எல்லாத் தோட்டாக்களையும் தான் சோதிக்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். நடிகர் அலெக் பால்ட்வின் இடுப்பிலிருந்து உருவிக் காட்டியபோது அது வெடித்தது. உக்ரைனில் பிறந்த 42 வயது ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸின் உடலைத் துளைத்துப் போன குண்டு இயக்குநர் ஜோயல் சௌஸாவின் தோளில் போய் நின்றது. ஹலினா பிழைக்கவில்லை. விசாரணையில் தளத்திலிருந்து மொத்தம் 6 அசல் தோட்டாக்களை எடுத்தார்கள். சில ஆயுத வண்டியில், சில நடிகர்கள் அணியும் தோட்டாப் பட்டையில், போலிகளோடு போலிகளாகக் கலந்து கிடந்தன.

அவை தளத்துக்குள் எப்படி வந்தன என்பதில் நீதிமன்றத்தில் தரப்புக்கு ஒரு கதை சொன்னார்கள். ஆயுதப் பொறுப்பாளர் கொண்டுவந்தார் என்றது அரசுத் தரப்பு. சப்ளை செய்தவரைக் கைகாட்டியது எதிர்த்தரப்பு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வந்த பிறகு நடந்தது. ஆயுதப் பொறுப்பாளர் 24 வயதுப் பெண். அவரையே மற்றச் சாமான்களையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆயுத வேலைக்கு அதிக நேரம் வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சம்பவத்துக்குச் சில நாள் முன்பே தளத்தில் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருக்கின்றன, வேலை நிற்கவில்லை. அன்று காலை ஒளிப்பதிவுக் குழுவினர் சிலர் நிலைமை சரியில்லை என்று வெளியேறியும் இருந்தார்கள். போலித் தோட்டா என்றால் ஆட்டிப் பார்க்கவேண்டும், கலகலக்கவேண்டும். ஆறு முறை ஆட்ட எத்தனை நொடி ஆகும்? 2024 மார்ச்சில் அந்தப் பெண்ணைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அடுத்த மாதம் 18 மாதச் சிறை கொடுத்தார்கள். பால்ட்வின் மீதான வழக்கு, தோட்டா தொடர்பான ஆதாரத்தை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் விட்டதால், அந்த ஜூலையில் தள்ளுபடியானது.

சினிமாக்காரர்களை மட்டும் நான் குறை சொல்ல வரவில்லை. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகள் எல்லா நாட்டுக்கும் பொருந்தும். எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே எண்ணு, அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே, சுடும் கணம்வரை விசையில் விரலை வைக்காதே, குறியையும் குறிக்கு அப்பால் இருப்பதையும் தெரிந்துகொள். கடைசி விதியின் விலையைத் தமிழ்நாடும் கொடுத்திருக்கிறது. ஹலினா இறந்து இரண்டு மாதம் ஆனபோது, 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். தளத்தைத் தாண்டிப் போன குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்தான். அவன் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஊரை அடுத்த தளத்தில் சுடுகிறவர்களுக்கு ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது மனப்பாடமாக இருந்தால் போதாது, தளத்தை அமைத்தவர்களின் வரைபடத்திலும் அது இருக்கவேண்டும்.

மனப்பாடம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, விலகு, பெரியவரிடம் சொல் என்று பாட்டாகவும் படமாகவும் கற்றுத்தருகிறார்கள். கற்ற சிறு பிள்ளைகளை உளவியல் ஆய்வாளர்கள் செயலிழந்த துப்பாக்கி கிடக்கும் அறையில் தனியே விட்டுப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், விதியைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளைகளே துப்பாக்கியை எடுத்தார்கள். கூடவே நின்று, செய்து காட்டி, செய்யவைத்துப் பழக்கியபோதுதான் பலன் கூடியது. நீச்சலைக் கரும்பலகையில் கற்க முடியாததைப் போன்றதுதான் இதுவும். துப்பாக்கிப் பாதுகாப்பு கைக்குப் பழகவேண்டிய பாடம். பெரியவர்களுக்கும் அப்படியே.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதை ஓரளவு ஏற்றிருக்கின்றன. உரிமம் கேட்கிற தனிநபர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்று காட்டவேண்டும். நல்ல விதி. ஆனால் துப்பாக்கி உரிமதாரரின் கையோடு நிற்பதில்லை. அதே வீட்டில் மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், அலமாரியைத் துடைக்கும் பணிப்பெண் இருக்கிறார். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது வெடித்தது என்று நாளிதழில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. துடைக்க உட்காரும் முன்பு தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்து, உருளையின் அறைகளையும் குழலையும் பார்த்திருந்தால் அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை அச்சேறியிருக்காது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ தோட்டக் காவலுக்கு, பணிக்கு, விளையாட்டுக்கு என்று யாரிடமாவது துப்பாக்கி இருக்கலாம். அது பூட்டிய பெட்டியில் இருக்கிறதா, தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கையில் எடுத்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாமாவாக இருந்தாலும் மேலதிகாரியாக இருந்தாலும் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ‘காலிதான்’ என்று வாயால் சொல்பவரை நம்பாதீர்கள். திறந்து காட்ட மறுத்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள்.