புயல் வந்தா போன் எப்போ சாகும்? ஒக்கி சொல்லிக்கொடுத்த கணக்கு

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. குமரி மாவட்டத்துக்காரங்ககிட்ட இந்தத் தேதியைச் சொன்னாலே போதும், ஒக்கின்னு அவங்களே முடிச்சிடுவாங்க. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள்ல மரங்கள் வரிசையா முறிஞ்சு ரோட்டுலயும் கரண்ட் கம்பி மேலயும் விழுந்துச்சு. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ஞ்சு, பல ஊர்கள்ல நாள்கணக்குல கரண்ட் இல்ல. வளைகுடா நாட்டுலயோ சென்னையிலயோ ஒரு ஆள் இல்லாத வீடு இந்தப் பக்கம் கம்மி. போன் போகலைன்னா ரெண்டு பக்கமும் தவிப்புதான்.

பெரும்பாலும் காத்து அடிச்ச உடனே நெட்வொர்க் சாகுறதில்ல, அதுக்கப்புறம்தான் சாகும். செல்போன் டவருக்கு கரண்ட் போனா பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர். அதுக்கு டீசல் வேணும். டீசல் வண்டி வர ரோடு வேணும். ரோட்டுல ரப்பர் மரம் கிடந்தா? டவர் நிமிர்ந்து நிக்கும், உங்க போன்ல மட்டும் சிக்னல் இருக்காது. ஃபைபர் கேபிள் அறுந்தாலும் இதே கதிதான். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்தே கரண்ட் வரும். இப்போ இருக்கிற ஃபைபர் லேண்ட்லைன், வீட்டுல கரண்ட் போனா மோடத்தோட சேர்ந்து படுத்துடும்.

அதனால, கரண்ட் போன முதல் சில மணி நேரம்தான் உங்க கையில இருக்கு. அந்த நேரத்துல விழுந்த மரத்தை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறதைத்தான் நாம முதல்ல செய்வோம். (நானும்தான்!) அதை விட்டுட்டு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க.

ஏன் எஸ்எம்எஸ்?

எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடும்போது லைன் நெரிஞ்சு கால் கட் ஆகும். வாட்ஸ்அப்புக்கு டேட்டா வேணும். எஸ்எம்எஸ்ஸுக்கு ரொம்பக் கொஞ்சம் இடம் போதும். எதிராளி போன் ஆஃப்ல இருந்தாலும் கம்பெனி சர்வர்ல காத்திருந்து, ஆன் பண்ணினதும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஒரு சின்ன சிக்கல்: தமிழ் எழுத்துல டைப் பண்ணினா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான், ஒத்தைக்கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா கணக்கு. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா 160. நீளமா எழுதினா துண்டு துண்டாப் போகும், ஒரு துண்டு சிக்கினாலும் குழப்பம். "நல்லா இருக்கோம். பெரியப்பா வீட்ல. 6 மணிக்கு போன் ஆன்." இவ்வளவு போதும்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சிக்னல் தேடித் தேடியே போன் பேட்டரியைக் குடிச்சிடும். ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, சொன்ன நேரத்துக்கு பத்து நிமிஷம் மட்டும் ஆன் பண்ணுங்க. பத்து சொந்தக்காரங்களுக்கும் தனித்தனியா கூப்பிட வேண்டாம். புயல் இல்லாத ஊர்ல இருக்கிற ஒரு ஆளை, துபாய் அண்ணனோ கோயம்புத்தூர் சித்தியோ, முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. எல்லாரும் அவங்களுக்குச் சொல்லணும், அவங்க மத்தவங்களுக்குச் சொல்லணும். அந்த நம்பரை ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க. அம்மா நம்பரே மனப்பாடம் இல்லாத தலைமுறை நாம.

சிக்னலே இல்லைன்னா?

உங்க கம்பெனி டவர் போயிருந்தாலும் வேற கம்பெனி டவர் வேலை செய்யலாம். பேரிடர் நேரத்துல ஒரு கம்பெனி சிம்மை இன்னொரு கம்பெனி நெட்வொர்க்ல ஓட விட அரசு உத்தரவு போடுறது உண்டு. 2023ல பிபர்ஜாய் புயலப்போ குஜராத்துல அப்படிச் செஞ்சாங்க. செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க் போய், 'ஆட்டோமேட்டிக்'கை எடுத்துட்டு வேற பேரைத் தொட்டுப் பாருங்க. அவசரம்னா 112. இது உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாதப்பவும் வேற டவர் வழியா போக வாய்ப்பு இருக்கு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. கம்பி அறுந்து கிடந்தா மின்னகம் 94987 94987. சிக்னலுக்காக மொட்டை மாடிக்கோ, மரம் விழுந்த ரோட்டுக்கோ காத்துல போகாதீங்க. கிடக்கிற கம்பியில கரண்ட் இருக்கா இல்லையான்னு பார்த்து கண்டுபிடிக்க முடியாது.

பேச முடியலைன்னாலும் கேட்க முடியும். பேட்டரி போட்ட ரேடியோல நாகர்கோவில் வானொலி 101ல கிடைக்கும். சில போன்ல எஃப்எம் இருக்கு, ஆனா வயர் ஹெட்போன் சொருகினாத்தான் பாடும். 2023ல நம்ம போன்லாம் திடீர்னு அலறி ஒரு எச்சரிக்கை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பயந்துபோய் அதை ஆஃப் பண்ணி வச்சவங்க திரும்ப ஆன் பண்ணுங்க. அந்த செல் பிராட்காஸ்ட், நெரிசல்லயும் வந்து சேரும்.

ஒக்கியில இதெல்லாம் கரையில இருந்தவங்களுக்குத்தான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து மீனவர்கள் பலர் எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்தாங்க. அங்கே டவரும் கிடையாது, வாக்கிடாக்கியும் எட்டாது. காணாமப் போனவங்களைத் தேடச் சொல்லி டிசம்பர்ல குழித்துறையில மக்கள் ரயிலை மறிச்சாங்க. சாட்டிலைட் போனை அனுமதி இல்லாம வச்சிருந்தாலே இந்தியாவுல சட்டச் சிக்கல். அதுக்குப் பதிலா படகுல இருந்து சாட்டிலைட் வழியா சின்ன மெசேஜ் அனுப்புற டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளுக்கு இலவசமா பொருத்துற திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்ட்ல தொடங்குச்சு. உங்க வீட்டுல கடலுக்குப் போறவங்க இருந்தா, அவங்க படகுல அது இருக்கா, வேலை செய்யுதான்னு இந்த வாரமே கேளுங்க.

சார்ஜ் விஷயம்: பவர் பேங்கை அறிவிப்பு வந்த அன்னைக்கே ஃபுல் பண்ணுங்க. அதுவும் தீர்ந்தா காரோ, யுஎஸ்பி இருக்கிற பைக்கோ கைகொடுக்கும். ஆனா மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விட்டு சார்ஜ் போடாதீங்க, அந்தப் புகை ஆளைக் கொன்னுடும்.