கேட்டதையே கேட்கும் புதியவர்கள்... 'எஃப்ஏக்யூ' வந்தது ஏன்?

'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பகுதி இல்லாத இணையதளமே இல்லை எனலாம். இது பரவியது எப்படி?

1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய கணினி விவாதக் குழு யூஸ்நெட். செப்டம்பர் வந்தாலே கல்லூரிகளின் புது மாணவர்கள் உள்ளே வந்து, கேட்ட கேள்வியையே கேட்பார்கள். பழையவர்கள் பதில் சொல்லிச் சலித்துப்போனார்கள். அதனால் பதில்களைத் தொகுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி பதிவிட்டார்கள். அதுதான் எஃப்ஏக்யூ.

இது மட்டும் போதுமா?

போதாது. புரோகிராமர்களின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், ஏற்கெனவே வந்த கேள்வியை 'டூப்ளிகேட்' என மூடி, பழைய பதிலுக்கு லிங்க் கொடுப்பார்கள். ஆனால், புதியவர்களை அந்தத் தளம் அன்பாக வரவேற்பதில்லை என்று 2018-ல் அதன் நிர்வாகமே ஒப்புக்கொண்டது.

என்ன செய்யலாம்?

கேள்வி கேட்கும் இடத்திலேயே பழைய பதில் கண்ணில் படணும். அதையும் தாண்டிக் கேட்டால், திட்டாமல் லிங்க் கொடுங்க. நாமும் ஒருநாள் புதுசா வந்தவங்கதானே!